அழைப்பிதழ் படமாக வரும்போது

கனடாவின் ஸ்ரௌவ்விலிலோ மார்க்கத்திலோ ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலாளராக இருப்பவரின் கைத்தொலைபேசியில் ஒரு கிழமைக்குள் எத்தனையோ அறிவித்தல்கள் வந்து விழும். பழைய மாணவர் சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடல், கோயில் கொடியேற்றம், தெரிந்தவர் பிள்ளையின் அரங்கேற்றம், இரத்ததான முகாம், இடையில் ஒரு மரண அறிவித்தல். அநேகமாக எல்லாமே படங்கள். கன்வாவில் செய்து, ஜேபெக்காக இறக்கி, வட்ஸ்அப்பில் தட்டிவிட்டவை. கண்ணால் பார்ப்பவருக்கு அதில் திகதி, நேரம், மண்டபம் எல்லாம் இருக்கும். திரைவாசிப்பான் வைத்துத் தொலைபேசி பாவிப்பவருக்குக் கிடைப்பது "படம்" என்ற ஒரு சொல் மட்டும். சிலவேளை கோப்பின் பெயரும் கூடவே வரும்: ஐ, எம், ஜி, நான்கு, எட்டு, இரண்டு, ஒன்று.

படத்தோடு ஒட்டி வைக்கும் சிறு எழுத்துத்தான் மாற்று உரை. திரையில் அது தெரியாது. திரைவாசிப்பான் அந்தப் படத்துக்கு வந்ததும் அதைக் குரலில் வாசிக்கும். பிரெயில் கருவி இணைத்திருந்தால் விரலுக்குக் கொடுக்கும். இது புதிய வசதியும் அல்ல. 1995-இல் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 என்ற இணையப்பக்க மொழியிலேயே படத்துக்குப் பதிலாக எழுத்து வைக்க இடம் இருந்தது. தொலைபேசிக் கம்பியில் படம் இறங்கி முடிய நிமிடங்கள் எடுத்த காலத்தில் கண் தெரிந்தவர்களும் அந்த எழுத்தைத்தான் வாசித்தார்கள்.

"எங்கள் சங்கத்தில் கண் தெரியாதவர் ஒருவரும் இல்லையே" என்று நிர்வாகக் கூட்டத்தில் கட்டாயம் ஒருவர் சொல்வார். பிறவியிலேயே பார்வை இல்லாதவரை மனதில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்கிறார். எங்கள் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். அது விழித்திரையைத் தின்னும். கண்புரை, கண்ணழுத்தம், முதுமையில் வரும் விழித்திரைச் சிதைவு என்று மற்றவையும் உண்டு. அறுபது, எழுபது வயதுக்கு மேல் பார்வை மங்கியவர்கள் பிரெயில் படித்தவர்கள் அல்லர். தங்களை மாற்றுத்திறனாளி என்று சொல்லிக்கொள்ளவும் மாட்டார்கள். கூட்டங்களுக்கு வருவதை மெல்லக் குறைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஐபோனில் வொய்ஸ்ஓவர், அண்ட்ரொய்டில் டோக்பக், விண்டோஸ் கணினிக்கு இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. ஆகிய திரைவாசிப்பான்கள் எல்லாவற்றாலும் தமிழ் வாசிக்க முடியும். வாசிக்க நாங்கள் எழுத்தைக் கொடுக்க வேண்டும்.

சட்டம் எவ்வளவு தூரம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவின் அணுகல் சட்டம் 2005-இல் வந்தது. அதன் கீழ் வந்த 191/11 என்ற ஒழுங்குவிதி, பொதுத்துறை அமைப்புகளும், 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலைசெய்யும் தனியார், இலாபநோக்கற்ற அமைப்புகளும் தங்கள் இணையத்தளங்களை 2021 ஜனவரி 1-க்குள் டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 என்ற சர்வதேச வழிகாட்டியின் ஏஏ தரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. அந்த வழிகாட்டியின் 1.1.1-ஆம் விதி, அதாவது முதல் விதியே, படத்துக்கு மாற்று உரை வேண்டும் என்பதுதான். அதுவும் மிகக் குறைந்த தரமான ஏ-யிலேயே கேட்கப்படுவது.

முழுக்கத் தொண்டர்களால் நடக்கும் ஊர்ச் சங்கம் இந்தக் கட்டாயத்துக்குள் வராது. ஆனால் சம்பளத்துக்கு ஒருவராவது வேலைசெய்யும் அமைப்பு என்றால், பொதுமக்களுக்குக் கொடுக்கும் தகவலை யாராவது வேறு வடிவில் கேட்கும்போது கொடுத்தாக வேண்டும், அதற்கென்று கூடுதல் காசு வாங்காமல். நகரசபையின் இணையத்தளத்துக்கோ நூலகத்தின் பக்கத்துக்கோ உங்கள் அறிவித்தலைக் கொடுத்தால், "எழுத்து வடிவம் இருக்கிறதா?" என்று அவர்கள் கேட்பதற்குக் காரணமும் இந்த ஒழுங்குவிதிதான். அதைக் குறை பிடிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதற்காக நீதிமன்றம் வரை போனவர்கள் இருக்கிறார்கள். ரொறன்ரோவைச் சேர்ந்த டொனா ஜோடன் பார்வையற்றவர். மத்திய அரசின் தளத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கவும் 2006-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை இணையத்தில் நிரப்பவும் தன்னால் முடியவில்லை என்று வழக்குப் போட்டார். 2010 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரசு மேன்முறையீடு செய்தது. 2012 மே மாதத்தில் அதிலும் அவரே வென்றார். அதற்குப் பத்து வருடங்களுக்கும் மேல் முன்னதாக அவுஸ்திரேலியாவில் புரூஸ் மகுவயர் என்பவர், சிட்னி ஒலிம்பிக் இணையத்தளத்தின் படங்களுக்கும் பட இணைப்புகளுக்கும் மாற்று உரை இல்லை என்று முறைப்பாடு செய்தார். 2000-இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. திருத்தச் சொன்னபடி திருத்தாத ஒழுங்கமைப்புக் குழு 20,000 அவுஸ்திரேலிய டொலர் நட்டஈடு கட்டியது.

அறிவித்தலில் இருந்து தொடங்குங்கள்

மாற்று உரை பற்றிய பாடங்கள் பெரும்பாலும் அழகான ஒளிப்படத்தில்தான் தொடங்கும்: மலை, ஏரி, அதன்மேல் சூரியன். எங்களுக்கு அது பொருந்தாது. ஒரு சங்கம் ஒரு வருடத்தில் அனுப்பும் படங்களில் பெரும்பகுதி, எழுத்தைப் படமாக்கிய அறிவித்தல்கள். இங்கே வேலை விவரிப்பு அல்ல, மீட்பு. படத்துக்குள் சிக்கிய எழுத்தை வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

பொங்கல் விழா அறிவித்தல் ஒன்றை எடுப்போம். மேலே பிள்ளையார், நடுவில் பொங்கிவழியும் பானை, இரண்டு பக்கமும் கரும்பு, கீழே மண்டபத்தின் பெயர், நேரம், நுழைவுச்சீட்டு விலை, மூன்று தொலைபேசி எண்கள், அனுசரணையாளர்களின் இலச்சினைகள். இதற்கு, "பானையும் கரும்பும் உள்ள பொங்கல் வாழ்த்துப் படம்" என்று ஒருவர் எழுதினார் என்று வையுங்கள். பொய் ஒன்றும் இல்லை. கேட்பவருக்கு உபயோகமும் ஒன்றும் இல்லை. அவர் விழாவுக்குப் போக நினைப்பவர். அவருக்குப் பானை வேண்டாம், நேரம் வேண்டும்.

"பொங்கல் விழா அழைப்பிதழ். ஜனவரி 17 சனிக்கிழமை, மாலை 5 மணி. முழு விவரம் கீழே." மாற்று உரைக்கு இவ்வளவு போதும். முழு விவரத்தையும் அதே மின்னஞ்சலில், படத்துக்குக் கீழே, சாதாரண எழுத்தில் எழுதுங்கள். மாற்று உரைக்குள்ளேயே எல்லாவற்றையும் திணிக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கூடாது. அதற்குள் தலைப்பு, பத்தி, இணைப்பு ஒன்றும் வைக்க முடியாது. ஒரே ஓட்டமாகத்தான் வாசிக்கப்படும். மூன்றாவது தொலைபேசி எண் மட்டும் வேண்டியவர் முழுவதையும் முதலில் இருந்து கேட்க வேண்டி வரும். வெளியே எழுத்தாக இருந்தாலோ எண்ணைத் தொட்டு உடனே அழைக்கலாம், முகவரியைத் தொட்டு வரைபடத்தைத் திறக்கலாம். நல்ல கண் உள்ளவர்களுக்கும் இது உதவும்; படத்தில் உள்ள எண்ணைப் பார்த்து ஒரு துண்டில் எழுதிப் பிறகு அழைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிர்வாகக் குழுவைச் சம்மதிக்க வைக்க இந்த ஒரு காரணமே போதும்.

மேலே இருக்கும் பிள்ளையாரை என்ன செய்வது? "அலங்காரம்" என்று விட்டுவிடலாம் என்று சில வழிகாட்டிகள் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோயில் அறிவித்தலைத் திறக்கும் ஒரு அம்மாவுக்கு அது அலங்காரம் அல்ல. தனிப் படமாக இருந்தால் "பிள்ளையார்." என்று ஒரு சொல் எழுதுங்கள். நிறம், நகை, வாகனம் வேண்டாம். (தட்டச்சு செய்த பிள்ளையார் சுழியைத் திரைவாசிப்பான் "உ" என்றே வாசிக்கும். அது இருக்கட்டும்.)

வட்ஸ்அப்பில் படத்துக்கு என்று மாற்று உரைப் பெட்டியைத் தேடி மினக்கெட வேண்டாம். படத்தோடு அனுப்பும் வாசகப் பகுதியில் முழு விவரத்தையும் எழுதுங்கள். படத்தை வேறு குழுவுக்கு அனுப்புபவர்கள் வாசகத்தை விட்டுவிடுவதும் உண்டு. ஆகவே வாசகத்தைத் தனிச் செய்தியாகவும் ஒருமுறை அனுப்புவது நல்லது.

மரண அறிவித்தல்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேரம் தப்பினால் திரும்ப வராது. ரொறன்ரோப் பெரும்பாகத்தில் ஒரு மரண அறிவித்தல் காலையில் வந்தால் மறுநாள் மாலை பார்வைக்கு வைப்பார்கள், அடுத்த நாள் கிரியையும் தகனமும் முடிந்துவிடும். முதியவர் ஒருவருக்குத் தன் பள்ளித் தோழர் போனது நாலு நாள் கழித்துத்தான் தெரிய வருகிறது என்றால், காரணம் அந்தப் படம்.

எங்கள் அறிவித்தல்களின் மரபு வாசகம் ஊரில் தொடங்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும், கனடா ஸ்ரௌவ்விலைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட, இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் கணவருமான என்று போய்க் கடைசியில்தான் பெயர் வரும். தாளில் அது குறையல்ல. பெயர் பெரிய எழுத்தில், படத்துக்குக் கீழே, முதலிலேயே கண்ணில் படும். குரலில் கேட்பவருக்குப் பெரிய எழுத்து கிடையாது. இறந்தவர் யார் என்று தெரிய அவர் முழு உறவுமுறையையும் கேட்டு முடிக்க வேண்டும்.

எனவே மாற்று உரையில் வரிசையை மாற்றுங்கள்: முதலில் "மரண அறிவித்தல்" என்ற சொல், அடுத்துப் பெயர், வழங்கிய பெயர் இருந்தால் அதுவும், பிறகு ஊர், மறைந்த திகதி. "விவரம் கீழே" என்று முடியுங்கள். கீழே எழுத்தில் முதலில் பார்வைக்கு வைக்கும் நாள், நேரம், மலர்ச்சாலையின் முகவரி. அதன்பின் மரபு வாசகத்தை ஒரு சொல்லும் வெட்டாமல் அப்படியே போடுங்கள். குடும்பத்தார் அதை ஒவ்வொரு பெயராக யோசித்து எழுதியிருப்பார்கள். அதில் கை வைக்க எங்களுக்கு உரிமை இல்லை. ஒளிப்படத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்று எழுத வேண்டுமா? அறிவித்தலில் வேண்டாம். 31-ஆம் நாள் நினைவு மலரில் எழுதலாம்; அங்கே "வேட்டி சால்வையோடு, தன் வீட்டு முற்றத்தில் கதிரையில் இருக்கிறார்" என்ற ஒரு வரியைக் கேட்க விரும்புவார்கள்.

ஒளிப்படம்: எதற்காக வைத்தீர்கள்?

ஒளிப்படத்துக்கு எழுதும்போது "இதில் என்ன தெரிகிறது" என்று கேட்டால் முடிவே வராது. "இந்த இடத்தில் இதை எதற்காக வைத்தேன்" என்று கேளுங்கள். ஒரே படத்துக்கு மூன்று ஆவணங்களில் மூன்று விதமான மாற்று உரை வரலாம்.

1986 ஓகஸ்ட் 11 அன்று நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் கண்டு மீட்டார்கள். கனடாத் தமிழர் வரலாற்றைச் சொல்லும் எந்த மலரிலும் ஜனவரியில் வரும் தமிழ் மரபுரிமை மாதக் காட்சியிலும் அந்தச் சம்பவம் வரும். படகில் ஆட்கள் நெருங்கியடித்து இருக்கும் படம் ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

வருகையின் வரலாற்றைச் சொல்லும் கட்டுரையில்: "உயிர்காப்புப் படகில் தமிழ் அகதிகள். நியூபவுண்ட்லாந்துக் கடல், ஓகஸ்ட் 1986." கட்டுரை மற்றதைச் சொல்லும். அகதிகள் பட்ட இடர்களைப் பற்றிப் பேசும் பாடசாலைத் தாளில் வைத்தால், இட நெருக்கடிதான் விசயம்: "ஒரு சிறிய படகு. விளிம்பு வரை ஆட்கள். கால் நீட்ட இடமில்லை." அதே படத்தை மங்கலாக்கி, மாதாந்த மின்மடலின் தலைப்புப் பட்டைக்குப் பின்னால் போட்டிருந்தால் அதற்கு மாற்று உரையே வேண்டாம், அலங்காரம் என்று குறித்துவிடுங்கள். இந்தப் படத்தைப் போய் அலங்காரம் என்பதா என்று மனம் கூசும். கூசினால், அதை அலங்காரமாகப் போட்டது சரியா என்று முதலில் யோசியுங்கள்.

படத்துக்குக் கீழே விளக்கம் ஏற்கெனவே இருந்தால் அதையே மாற்று உரையில் திரும்ப எழுதாதீர்கள். கேட்பவர் ஒரே வசனத்தை இரண்டு முறை கேட்பார். நிர்வாகக் குழுப் படம் என்றால், "நிர்வாகக் குழு, இரண்டு வரிசையில் பதினைந்து பேர். பெயர்கள் கீழே" என்று நிறுத்துங்கள். யார் எந்த நிறச் சேலை என்பது ஆண்டறிக்கைக்குத் தேவையில்லை. அரங்கேற்ற மலரில் தேவை, அங்கே உடையும் கோலமும்தான் படத்தின் பொருள்: "மேடையில் நடராசர் கோலம். இடது கால் தூக்கி, வலது காலில் நிற்கிறார். சிவப்புப் பட்டு, பச்சைக் கரை." பரதம் தெரிந்த ஒருவருக்கு இந்த மூன்று வசனங்களில் உடல் முழுவதும் தெரிந்துவிடும். ஒருவரின் தோல் நிறம், உடல் பருமன், சக்கர நாற்காலி போன்றவை ஆவணத்தின் பொருளோடு சேர்ந்தவை என்றால் மட்டும் சொல்லுங்கள்.

நல்லூர்த் தேர்த்திருவிழாவின் நேர்முக வர்ணனையை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சொல்லால் காட்டுவது எப்படி என்று கற்றுத்தரத் தேவையில்லை. ஆனால் அந்த அறிவிப்பாளருக்கு மணிக்கணக்கில் நேரம் இருந்தது. உங்களுக்கு ஒரு மூச்சு.

வினை முடிவில் வரும் மொழியில் எழுதுவது

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகள் ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதியவை. "125 எழுத்துக்குள் எழுதுங்கள்" என்பார்கள். கணினி தமிழை எண்ணும்போது புள்ளியையும் காலையும் கொம்பையும் தனித்தனி எழுத்தாக எண்ணும். "பெண்" என்பதே அதற்கு நாலு. ஆகவே அந்தக் கணக்கை விடுங்கள். இரண்டு மூன்று சிறு வசனங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் வசன அமைப்பு. தமிழில் அடைமொழிகளை அடுக்கிக்கொண்டே போய்ப் பெயரைக் கடைசியில் வைப்பது எங்களுக்குப் பழக்கம். "மாவிலைத் தோரணம் கட்டிய வாசலில் பட்டுச் சேலை உடுத்து கையில் தாம்பாளம் ஏந்தி விருந்தினரை வரவேற்கக் காத்துநிற்கும் மூன்று பெண்கள்" என்பது வாசிக்க அழகுதான். காதுக்கு, கடைசிச் சொல் வரும்வரை யாரைப் பற்றிய பேச்சு என்று தெரியாது. உடைத்து எழுதுங்கள்: "வாசலில் மூன்று பெண்கள், கையில் தாம்பாளம். விருந்தினரை வரவேற்க நிற்கிறார்கள்." ஒவ்வொரு வசன முடிவிலும் முற்றுப்புள்ளி போடுங்கள், குரல் அங்கேதான் நிற்கும். "இந்தப் படத்தில்" என்று தொடங்க வேண்டாம், அது படம் என்பதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும்.

"பி.ப. 6.30" என்று எழுதினால் சில குரல்கள் அதைப் "பி, ப" என்று தனித்தனியாக உச்சரிக்கும். "மாலை 6.30" என்று எழுதுங்கள். திகதியைச் சாய்கோடு போட்டு எண்களால் எழுதாதீர்கள். இந்த நாட்டில் 05/06 என்றால் மே மாதமா ஜூனா என்று கண் தெரிந்தவர்களே குழம்புவார்கள். தெருப் பெயர், முகவரி மாற்று உரைக்குள் வந்தால் தமிழ் எழுத்தில் எழுதலாம். கீழே தரும் விவரத்தில் ஆங்கில எழுத்திலும் கொடுங்கள், வரைபடத்தில் தேட அதுதான் வேண்டும்.

பாமினி

ஈழத்தவர் நடத்தும் சங்கங்களில் பழைய கணினியும் பழைய தட்டச்சுப் பழக்கமும் இருந்தால் அங்கே பாமினி எழுத்துருவும் இருக்கும். பாமினியில் அடிப்பது உண்மையில் தமிழ் எழுத்து அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகம் போட்டது. திரையில் "அம்மா" என்று தெரியும். கணினிக்குள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பான் முகத்தைப் பார்க்காது, உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். பாமினியில் செய்த பத்துப் பக்க ஆண்டறிக்கை அதன் வாயில் பத்துப் பக்க உளறலாக வரும்.

மாற்று உரைப் பெட்டியில் இது உடனே வெளிச்சத்துக்கு வந்துவிடும். அந்தப் பெட்டியில் எழுத்துருவைத் தெரிவுசெய்ய முடியாது. பாமினியில் இருந்து ஒட்டினால் உங்கள் கண்ணுக்கும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். யூனிகோட்டில் தட்டச்சு செய்யுங்கள். பழைய ஆவணங்களுக்கு எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன; மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள்.

அடுத்தது மொழிக் குறி. வேர்டில் பந்தியைத் தெரிவுசெய்து, ரிவ்யூ பட்டியலில் லங்குவேஜ் என்பதற்குள் போய், தமிழ் என்று குறியுங்கள். இணையப் பக்கம் செய்பவரிடம் பக்கத்தின் மொழி தமிழ் என்று குறித்திருக்கிறதா என்று கேளுங்கள். ஆங்கிலம் என்று குறித்த பக்கத்தில் தமிழ் வந்தால் சில ஆங்கிலக் குரல்கள் அதைப் பேசாமலே தாண்டிப் போய்விடும்.

எங்கே எழுதுவது

வேர்டிலும் பவர்பொயின்டிலும் படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் ஆல்ட் டெக்ஸ்ட் என்ற சொல் வரும். அதைத் தட்டினால் பக்கத்தில் ஒரு பெட்டி திறக்கும். அதற்குக் கீழேயே அலங்காரம் என்று குறிக்கும் சிறு கட்டமும் உண்டு. கூகுள் டொக்ஸிலும் அதே வலது பொத்தான்தான். பேஸ்புக்கில் படத்தைத் திருத்தும் இடத்தில் மாற்று உரைக்கு இடம் இருக்கிறது. வேர்டில் இன்னொன்று: படத்தை எழுத்தின் வரியோடு சேர்த்து வையுங்கள், மிதக்க விடாதீர்கள். மிதக்கும் படத்தைத் திரைவாசிப்பான் எப்போது சந்திக்கும் என்று சொல்ல முடியாது.

பலர் கோட்டைவிடுவது பீ.டி.எவ். ஆக்கும்போது. எல்லாப் படத்துக்கும் எழுதிவிட்டு, கடைசியில் பிரிண்ட் கொடுத்து அச்சுப்பொறிக்குப் பதில் பீ.டி.எவ். என்று தெரிவுசெய்கிறார்கள். அச்சுக்குப் போகும் வழியில் மாற்று உரைக்கு இடமில்லை. எழுதியது அத்தனையும் போய்விடும். பிரிண்ட் வேண்டாம், சேவ் அஸ் கொடுங்கள், பீ.டி.எவ். தெரிவுசெய்ததும் ஒப்ஷன்ஸ் என்பதைத் திறந்து, அக்செசிபிலிட்டிக்கான கட்டமைப்புக் குறிகள் என்ற கட்டத்தில் சரி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய மலரை ஸ்கேன் செய்து வைத்திருந்தால் அது வேறு சிக்கல். அங்கே ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். மாற்று உரை எழுதி அதைத் தீர்க்க முடியாது; எழுத்துணரி மென்பொருளால் எழுத்தாக்க வேண்டும், அல்லது ஒருவர் இருந்து தட்டச்சு செய்ய வேண்டும்.

வரைபடமும் வரவுசெலவும்

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் காட்டும் வட்ட வரைபடத்துக்கு "செலவுகளைக் காட்டும் வட்டம்" என்று எழுதுவது கணக்கை மறைப்பதற்குச் சமம். வரைபடம் சொல்லும் முடிவை மாற்று உரையில் ஒரு வசனமாக எழுதுங்கள்: "செலவில் பாதி மண்டப வாடகைக்குப் போனது." எண்கள் எல்லாவற்றையும் கீழே அட்டவணையாகப் போடுங்கள். அட்டவணையையும் படமாக ஒட்டிவிடாதீர்கள்.

இட வரைபடத்திலும் அதுவே. சிவப்புப் புள்ளி எங்கே என்று சொல்லில் எழுதுங்கள். மார்க்கம் ஸ்ரௌவ்வில் மருத்துவமனை என்று நெடுங்காலம் பெயர் பெற்றிருந்த மருத்துவமனை இருப்பது ஸ்ரௌவ்விலில் அல்ல, மார்க்கத்தில். அங்கே ஒரு நிகழ்ச்சி என்று வரைபடத்தை மட்டும் அனுப்பினால், புள்ளியைப் பார்க்க முடியாதவர் பெயரை நம்பி ஸ்ரௌவ்விலுக்கே வண்டி பிடிக்கச் சொல்வார். "மார்க்கத்தில், ஒன்பதாம் லைனுக்கும் ஏழாம் நெடுஞ்சாலைக்கும் அருகில்" என்று எழுதினால் அந்த அலைச்சல் இல்லை.

இயந்திரம் எழுதித் தரும் வரி

பேஸ்புக் 2016-இல் இருந்து படங்களுக்குத் தானாகவே உரை எழுதுகிறது. வேர்டும் எழுதித் தரும். 2023-இல் பீ மை ஐஸ் செயலியில் செயற்கை நுண்ணறிவு சேர்ந்த பிறகு, பார்வையற்ற ஒருவர் தானே ஒரு படத்தைக் கொடுத்து விவரம் கேட்கலாம். இது பெரிய உதவிதான். ஆனாலும் உங்கள் வேலை குறையவில்லை. பூப்புனித நீராட்டு விழாப் படத்தை இயந்திரம் கல்யாணம் என்று சொல்லக்கூடும். மாலை, நகை, மேடை எல்லாம் இருக்கிறதே. மேடையில் நிற்பவர் உங்கள் சங்கத்தின் போசகர் என்றோ, அந்தப் படத்தை நீங்கள் ஏன் போட்டீர்கள் என்றோ அதற்குத் தெரியாது. அது தரும் வரியை நகலாக எடுத்துத் திருத்துங்கள். திருத்தாமல் விடுவதென்றால் பெட்டியை வெறுமையாக விடுவதே மேல். மென்பொருளின் பரிசோதனை அப்போதாவது குறையைச் சுட்டிக்காட்டும்.

வேர்டின் ரிவ்யூ பட்டியலில் உள்ள செக் அக்செசிபிலிட்டி, மாற்று உரை இல்லாத படங்களைப் பிடித்துக் காட்டும். இருக்கிற உரை நல்லதா என்று அதற்குத் தெரியாது. அதைக் காதுதான் சொல்ல வேண்டும். அனுப்புவதற்கு முன் ஆவணத்தை உங்கள் தொலைபேசிக்கு எடுத்து, வொய்ஸ்ஓவரையோ டோக்பக்கையோ போட்டு, திரையைக் கவிழ்த்து வைத்துக் கேளுங்கள். (போடுவதற்கு முன் நிறுத்துவது எப்படி என்று படித்து வையுங்கள், போட்டபின் தொடுகை எல்லாம் மாறிவிடும்.) விழா எத்தனை மணிக்கு என்று காதால் மட்டும் கேட்டுச் சொல்ல முடிந்தால் அனுப்பலாம்.

சங்கத்தில் இதை யார் செய்வது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். வடிவமைப்பவர் பெரும்பாலும் வெளியாள், அல்லது யாராவது ஒருவரின் மகன். அவரிடம் அறிவித்தலைக் கேட்கும்போதே, அதில் உள்ள எழுத்தை யூனிகோட்டில் தனியாகவும் தரச் சொல்லுங்கள். எழுத்து உங்களிடமிருந்துதான் அவருக்குப் போயிருக்கும், ஆகவே அநேகமாக அது உங்கள் மின்னஞ்சலிலேயே இருக்கும். தேடி எடுத்தால் போதும். மாற்று உரை எழுதும் வேலை செயலாளருடையது. படத்தை ஏன் வைத்தோம் என்று தெரிந்தவர் அவர்தான்.

பழைய ஆவணங்களை ஒரேயடியாகத் திருத்தக் கிளம்ப வேண்டாம், மூன்றாம் நாளே களைத்துப்போவீர்கள். அங்கத்துவப் படிவம், யாப்பு, இந்த வருட நிகழ்ச்சி நிரல், தொடர்பு விவரம் ஆகியவற்றை முதலில் எடுங்கள். அடுத்ததாகக் கடந்த வருட ஆண்டறிக்கை. இணையத்தளத்தில் குவிந்து கிடக்கும் ஒன்றுகூடல் படங்களுக்கு இப்போதைக்கு ஒவ்வொன்றாக எழுதத் தேவையில்லை. தொகுப்புக்கு ஒரு தலைப்பும் இடமும் ஆண்டும் போதும். "அதில் நானும் இருக்கிறேனா?" என்று யாராவது கேட்டால், அந்தப் படத்தைத் தேடி எடுத்து, அதற்கு மட்டும் எழுதிக் கொடுங்கள்.